மீசைக்கு அடியில் ஒரு வாய்

காபி டம்ளர் கைக்கு வந்ததும் மாப்பிள்ளை சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

லேசாகத் தலையைச் சாய்த்தார் என்று நினைக்க வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்தபடியே உடம்பை முழுசாகத் திருப்பி, எங்கள் எல்லோருக்கும் முதுகைக் காட்டி, அண்ணாந்து குடித்து, கைக்குட்டையால் வாயை ஒற்றிக்கொண்ட பிறகுதான் மறுபடி எங்களைப் பார்த்தார். கூடத்தில் பேச்சு நின்றுபோனது. அவருடைய அம்மா மட்டும், "உங்க ஊர்ல வெயில் ஜாஸ்திங்க" என்று யாரும் கேட்காத சேதியைச் சொன்னார். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் வெயில் அப்படி என்ன மாறிவிடும் என்று எனக்குத் தோன்றியது.

நான் காலித் தட்டைப் பிடித்துக்கொண்டு உள்கதவோரம் நின்றேன். மாப்பிள்ளைக்கு அடர்த்தியான கறுப்பு மீசை. மேலுதடு என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, வெளுத்த சட்டை, நகம் வெட்டிய சுத்தமான விரல்கள். எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. அந்த மீசையும் அந்தத் திரும்பலும்தான் இடித்தன.

அவர்களைத் தெருமுனைவரை போய் வழியனுப்பிவிட்டு வந்த அப்பா, சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"மீசைக்கு அடியில என்னமோ கீது" என்றார் அம்மாவிடம்.

"இன்னா கீது? எல்லா ஆம்பளைக்கும் கீறதுதான்."

"காபி குடிக்கத் திரும்பிக்கிறவன் எதையோ மறைக்கிறான். நான் பார்க்காத வாயா?"

இது ஐம்பதுகளின் கடைசியா, அறுபது பிறந்துவிட்டதா என்று எனக்கு நிச்சயமில்லை. நயா பைசா வந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. அம்மா இன்னும் அணாவில்தான் பேசிக்கொண்டிருந்தாள்.

அப்பாவின் வாய்க் கணக்கு

போன வாரம் எங்கள் கிணற்றுக்கு மோட்டார் வந்த கதையைப் படித்துவிட்டு, "உங்கள் அப்பா ஏன் எல்லோரையும் சந்தேகப்படுகிறார்?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அம்மா அப்பாவின் ஆயுள் முழுக்கக் கேட்டும் பதில் கிடைக்காத கேள்வி அது. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அப்பா மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் கேப்பையும் பயிர் வைத்தவர். ஆனால் யாராவது மாடு வாங்கப் போனால் அவரைத்தான் துணைக்குக் கூப்பிடுவார்கள். மற்றவர்கள் சந்தையில் மாட்டின் திமிலையும் சுழியையும் பார்த்துக்கொண்டிருக்க, அப்பா நேராகப் போய் வாயைப் பிளப்பார். எத்தனை பல் போட்டிருக்கிறது, எது தேய்ந்திருக்கிறது, எவனாவது அரத்தால் ராவி வயசைக் குறைத்திருக்கிறானா என்று விரலை விட்டுத் தடவிப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் துண்டுக்குள் கையை விட்டு விலை பேசுவதெல்லாம்.

சந்தையில் போட்டுக்கொண்ட அந்தக் கண்ணை வீட்டுக்கு வந்து கழற்றி வைக்க அவருக்குத் தெரியாது. மனிதர்களையும் வாயை வைத்தே எடை போட்டார்.

உதட்டைக் குவித்துக்கொண்டு பேசுகிறவர் அவருக்குச் சுருக்குப்பை வாய். உள்ளே இருப்பது வெளியே வராது. மெல்லிய உதடும் நேர்க்கோடான பிளவுமாக இருந்தால் உண்டியல் வாய். போனது போனதுதான். சின்னதாக வட்டமாக இருப்பது சொப்பு வாய். கொஞ்சலுக்கு ஆகும், வேலைக்கு ஆகாது. ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு பேசினால் கோணவாய். கடைவாயில் நுரை தட்டப் பேசுகிறவனைப் பஞ்சாயத்துக்குக் கூப்பிடாதே என்பார். சும்மா இருக்கும்போதும் ஆவென்று திறந்து கிடக்கும் வாயைப் பற்றி எதுவும் சொல்ல மாட்டார், தலையில் அடித்துக்கொள்வார். அது எங்கள் மாமாவின் வாய் என்பதால் அம்மாவுக்குக் கோபம் வரும்.

பல்லுக்குத் தனி அத்தியாயம். அரிசிப் பல், சோழிப் பல், காவிப் பல், சந்துப் பல். ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தால் தெத்துப்பல், அது அதிர்ஷ்டம். கோரைப்பல் நீண்டிருந்தால் சிங்கப்பல். அந்த வீட்டில் பெண் எடுக்காதே. முன்பல் உதட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே நின்றால் தூக்குப்பல்.

இந்தக் கடைசிப் பல்லைப் பற்றி மட்டும் அப்பா அதிகம் பேசியதில்லை. அது எனக்கு இருந்தது. எனக்கு அதைக் கொடுத்தவர் அவர். அதை மறைக்க அவருக்கு மீசை இருந்தது, எனக்கு இல்லை.

புத்தகத்தில் வாய்க்குக் கிடைக்கிற பெயர்களே வேறு. பவழம், முத்து, கோவைப்பழம். எங்கள் வேலி முழுக்கக் கோவைக்கொடிதான் படர்ந்து கிடந்தது. அந்தப் பழத்தின் சிவப்பில் ஒருத்திக்கு நிஜமாகவே உதடு இருந்தால் வைத்தியரிடம்தான் கூட்டிக்கொண்டு ஓடுவார்கள். பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார் அந்த வரிகளை நடத்தும்போது நான் புத்தகத்தை வாய்க்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொள்வேன்.

எப்பவும் சிரிச்ச முகம்

என் உதடு தானாக ஒட்டாது. நினைத்து, இழுத்து, ஒட்ட வைக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் மேலுதடு தூக்கிக்கொண்டு பல் எட்டிப் பார்க்கும். கல்யாணத் தரகர் இதற்கு வைத்த பெயர் 'சிரிச்ச முகம்'.

"பொண்ணு எப்பவும் சிரிச்ச முகமா இருக்குங்க" என்று அவர் சொல்லி அனுப்புவார். மாப்பிள்ளை வீட்டார் வருவார்கள். வந்த பெண்களில் ஒருத்தி முறுக்குத் தட்டை என் பக்கம் நீட்டி, "நீயும் ஒண்ணு கடிம்மா" என்பாள். பேர் கேட்பது, பாடச் சொல்வது, முறுக்கு கடிக்கச் சொல்வது எல்லாம் ஒரே காரியத்துக்காகத்தான். ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம் என்பார்கள். கடிதம் வராது.

வாயைத் திறந்து பேசினால் வாயாடி, எதிர்த்துக் கேட்டால் வாய்க்கொழுப்பு, பேசாமல் இருந்தால் வாயில்லாப் பூச்சி. பெண்ணுக்கு எத்தனை வாய் வைத்தாலும் ஊருக்குப் போதாது. எனக்கு அதற்கு மேலே பல் வேறு.

கடிதங்கள் வராமல் போகப் போக, அப்பா என்னைத் திண்டிவனத்தில் ஒரு போட்டோக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கறுப்புத் துணிக்குள்ளிருந்து, "வாயை மூடும்மா. இன்னும் மூடு" என்று குரல் வந்தது. மூடினேன். கன்னம் வலித்துக் கண்ணில் தண்ணீர் நின்றது. படம் எடுத்து முடித்ததும் அப்பா அந்த ஆளைத் தனியாகக் கூப்பிட்டு மெதுவாக ஏதோ சொன்னார்.

சில நாள் கழித்துப் படம் வந்தது. என் ஜாக்கெட், என் தோடு, என் கண். நடுவில் வேறு எவளுடைய வாயோ. பல் இருந்த அடையாளமே இல்லாமல் இரண்டு உதடுகளும் பாந்தமாக ஒட்டிக்கொண்டிருந்தன. அம்மா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "யாரு இது?" என்று கேட்டாள். அப்பா படத்தை வாங்கி உறைக்குள் போட்டார்.

அந்தப் படம் செய்யாறு பக்கம் ஒரு வீட்டுக்குப் போனது. அவர்கள் ஆசையாகத்தான் வந்தார்கள். நான் காபி கொண்டுவந்து வைத்ததும் மாப்பிள்ளையின் அப்பா படத்தைப் பையிலிருந்து எடுத்தார். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"போட்டோல கீற பொண்ணைக் கூப்பிடுங்க" என்றார்.

அன்று நான் சாப்பிடவில்லை. அழுதேன். அப்பா அந்தப் படத்தைப் பெட்டிக்கு அடியில் போட்டுப் பூட்டினார். இனிமேல் தரகரும் வேண்டாம், போட்டோவும் வேண்டாம் என்றார்.

அதற்குப் பிறகுதான் விழுப்புரத்து அம்மாள் வந்தார். தரகர் இல்லை. முன்னால் ஒரு சேதி இல்லை. ஒரு நாள் பஸ்ஸில் வந்து இறங்கி, தெருவில் விசாரித்துக்கொண்டு வந்து, "உங்க பொண்ணை எம் புள்ளைக்குக் கேட்டு வந்திருக்கேங்க" என்று சொல்லிவிட்டார்.

ஆளுக்கொரு வியாதி

அப்பாவுக்கு அப்போதே பொறி தட்டியது.

"நாம யார்கிட்டயும் சொல்லல. போட்டோ குடுக்கல. விழுப்புரத்துல கீறவனுக்கு எம் பொண்ணு இருக்கறது எப்படித் தெரியும்?"

அந்த அம்மாளிடம் நேராகவே கேட்டுப் பார்த்தார். "நல்ல குடும்பம்னு கேள்விப்பட்டோங்க" என்றார் அவர். யார் சொன்னார்கள் என்றால், "சொன்னாங்க" என்றார். பையன் போட்டோ ஸ்டுடியோவில் வேலை பார்க்கிறான் என்று தெரிந்ததும், சரி, அவன் படம் ஒன்று அனுப்புங்கள் என்று அப்பா கேட்டார். "அவனுக்குப் போட்டோ எடுத்துக்கப் பிடிக்காதுங்க" என்று பதில் வந்தது.

"போட்டோக் கடையில வேலை. ஆனா அவனுக்கு ஒரு போட்டோ கெடையாதாம்" என்று அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதுகூடச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

இப்போது காபியும் சேர்ந்துகொண்டது. எங்கள் பக்கம் டம்ளரில் வாய் வைத்துக் குடிக்கிற பழக்கம் கிடையாது. எச்சில் படாமல் அண்ணாந்து ஊற்றிக்கொள்வோம். அண்ணாந்தால் மீசை மேலே ஏறும், உதடு தெரியும். அதனால்தான் திரும்பிக்கொண்டான் என்பது அப்பாவின் கண்டுபிடிப்பு.

வீட்டில் ஆளுக்கொரு வியாதி சொன்னோம். முன்பல் விழுந்து பல் செட் வைத்திருக்கிறான் என்றாள் அம்மா. உதட்டில் வெண்குட்டம், சந்தேகமே இல்லை என்றார் அப்பா. மாப்பிள்ளை எங்கள் வீட்டில் இருந்த நேரம் முழுக்க ஒரு வார்த்தை பேசாதது எனக்கு நினைவு வந்தது. எது கேட்டாலும் அவருடைய அம்மாதான் முந்திக்கொண்டு பதில் சொன்னார். திக்குவாயோ, பேச்சே வராதோ என்று நான் பயந்தேன்.

பயந்தேன் என்பதோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எனக்கு வயசு ஏறிக்கொண்டிருந்தது. இதுவும் தட்டிப்போனால் இனி ரெண்டாந்தாரமாகத்தான் கேட்டு வருவார்கள் என்று அம்மா அடுப்படியில் முணுமுணுத்தது என் காதில் விழுந்திருந்தது. இந்த இடம் அமைந்துவிட வேண்டும் என்று தவித்தேன். அதே சமயம், அந்த மீசைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் கழுத்தை நீட்டவும் மனசு ஒப்பவில்லை. அப்பாவின் பல் மட்டுமா வந்தது, அவர் புத்தியும் எனக்கு வந்திருந்தது.

"போட்டோ எடுக்கப் போற மாதிரி போவோம்" என்றார் அப்பா. "கிட்டத்துல பார்த்தா எனக்குக் கண்ணு மங்குது. நீ பார்த்துச் சொல்லு."

பெண்ணே மாப்பிள்ளையைத் தேடிக்கொண்டு போவதாவது என்று அம்மா சத்தம் போட்டாள். கண்டமங்கலத்தில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போகிறோம் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொள் என்று அப்பா அவள் வாயை அடைத்தார்.

பஸ்ஸிலும் கடையிலும்

பஸ்ஸில் அப்பா சும்மா வரவில்லை. மயிலம் தாண்டும்வரை கண்டக்டரின் வாயைப் பார்த்துக்கொண்டு வந்தார். விசில் ஊதுகிற வாய், அதனால் உதடு தடித்திருக்கிறது, மற்றபடி நல்ல மனுஷன் என்று என் காதில் சொன்னார். விக்கிரவாண்டியில் ஏறிய ஒருவர் வெற்றிலைச் சாற்றை வாயில் அடக்கிக்கொண்டு டிக்கெட் கேட்டதும், "இவன் பொய் சொல்றதுக்கு நேரம் எடுத்துக்கினு கீறான்" என்றார். எனக்கு எதையும் கேட்கும் மனசு இல்லை.

ஸ்டுடியோ விழுப்புரத்தில் ரயிலடிக்குப் போகும் வழியில் ஒரு சந்துக்குள் இருந்தது. மாளிகைப் படிக்கட்டு வரைந்த திரை, மரத்தில் செய்த ஒரு அரைத்தூண், கண்ணாடிக்குக் கீழே பொதுவாக வைத்த சீப்பும் பவுடர் டப்பாவும். முதலாளி தடித்த மனிதர். எங்களை அவருக்குத் தெரியாது.

"பொண்ணை ஒரு படம் எடுக்கணும்" என்றார் அப்பா.

முதலாளி என்னை உட்கார வைத்துவிட்டு, முகத்தை இப்படியும் அப்படியும் பார்த்தார். எங்கே பார்ப்பார் என்று எனக்குத் தெரியும். அங்கேதான் பார்த்தார்.

"கவலையே வேணாங்க. உள்ள நம்ம சபாபதி கீறான். அவன் கையில குடுத்தா வாயை அடக்கிக் குடுத்துடுவான். உதட்டை மெலிசாக்கணுமா, பல்லை உள்ள தள்ளணுமா, ஈறு தெரியாம பண்ணணுமா, எல்லாம் செய்வான். பொக்கைவாய்ப் பெரியவருங்களுக்குப் பல்லே வெச்சுக் குடுத்து கீறான். திண்டிவனத்துக்காரங்ககூட நம்மகிட்டத்தான் நெகட்டிவ் அனுப்பறாங்க."

சபாபதி என்பது மாப்பிள்ளையின் பெயர்.

அப்பா என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். விழுப்புரத்துக்கு என்னை எப்படித் தெரியும் என்பதற்குப் பதில் கிடைத்துவிட்டது. பதில் கிடைத்ததும் சந்தேகம் குறையும் என்பார்களே, எங்களுக்கு அது ஒன்று ரெண்டாகப் பெருகியது.

"அந்தத் தம்பியைக் கொஞ்சம் பார்க்கணுமே" என்றார் அப்பா.

ஜன்னலோரம்

உள்ளறையில் ஒரே ஜன்னல். அதன் முன்னால் ஒரு சாய்வு மேசை. மேசையின் நடுவில் சதுரமாக வெட்டி நெகட்டிவை வைத்திருந்தார்கள். கீழே ஒரு கண்ணாடி வெளிச்சத்தை அதன் மேல் அடித்தது. ஊசிமாதிரி சீவிய பென்சில்கள், ஒரு மெல்லிய கத்தி. எங்களைப் பார்த்ததும் மாப்பிள்ளை எழுந்தார்.

அப்பா உட்காரவில்லை.

"தம்பி, திண்டிவனத்துலேருந்து வந்த எம் பொண்ணு போட்டோவுல கை வெச்சது நீதானா?"

"ஆமாங்க மாமா."

அதுதான் நான் கேட்ட முதல் வார்த்தை. திக்கவில்லை. குரல் கொஞ்சம் மூக்கோடு ஒட்டி வந்தது, அவ்வளவுதான்.

"நெகட்டிவ்ல பல்லு கறுப்பாத் தெரியும்" என்று அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார். "கத்தியால சொரண்டிச் சொரண்டி அதை உதடாக்கணும். நான்தான் செஞ்சேன். முடிச்சதும் எனக்கே பிடிக்கல. வந்து அம்மாகிட்ட சொன்னேன், இப்படி ஒரு பொண்ணு கீதுன்னு. திண்டிவனத்துக் கடையில கேட்டு விலாசம் வாங்கினதும் நான்தான்."

எனக்குச் சுரீரென்று ஏறியது. அதுவரை மாப்பிள்ளைகளின் முன்னால் வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றவள், அதை மறந்துபோனேன்.

"என் பல்லைச் சொரண்டினது நீங்கதானா? அந்தப் படத்தைப் பார்த்துட்டு ஒருத்தர் ஊட்டுக்கு வந்து, போட்டோல கீற பொண்ணைக் கூப்பிடுன்னு கேட்டாரு. தெரியுமா உங்களுக்கு?"

அவர் தலை இன்னும் கீழே போனது. தெரியாது என்றார்.

"அதெல்லாம் கெடக்கட்டும்" என்றார் அப்பா. "மீசையைத் தூக்கிக் காட்டு."

முதலாளி கதவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா கேட்ட விதம் எனக்கே கூசியது. இருந்தாலும் நான் தடுக்கவில்லை, எனக்கும் பார்க்க வேண்டியிருந்தது. அவர் அப்பாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். பிறகு இரண்டு விரலால் மீசையை மேலே தூக்கினார்.

மூக்கின் அடியிலிருந்து உதடுவரை ஒரு வெளிறிய தழும்பு இறங்கியது. உதட்டின் விளிம்பு அந்த இடத்தில் சேராமல் ஒரு பக்கம் சற்றே ஏறி நின்றது. கிழிந்த துணியை அவசரத்தில் தைத்தால் ஓரம் ஒன்றுக்கொன்று ஒவ்வாமல் நிற்குமே, அந்த மாதிரி. பார்க்கப் பயமாக ஒன்றும் இல்லை.

"கிரகண மூளி" என்றார் அப்பா.

இன்றைக்கு இந்தச் சொல் பலருக்குத் தெரியாது. மேலுதடு பிளந்து பிறக்கும் குழந்தைக்கு அன்று அதுதான் பெயர். கிரகண நேரத்தில் கர்ப்பமான பெண் வெளியே வந்தாலோ, கத்தியோ அரிவாள்மனையோ தொட்டாலோ வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கு அந்த இடத்தில் வெட்டு விழும் என்று நம்பினார்கள். நான் வயிற்றில் இருந்தபோது ஒரு கிரகணத்துக்கு அம்மாவை உள்ளறையில் ஜன்னல் சந்துக்கெல்லாம் துணி அடைத்துப் படுக்க வைத்தார்களாம். அரிப்பெடுத்தால் சொறியக்கூட விடவில்லை என்பாள்.

"எங்க ஊட்ல அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டோம் மாமா" என்றார் அவர். மீசையை விட்டுவிட்டார். "நான் வயித்துல இருந்தப்ப அம்மா தெரியாம கிரகணத்தன்னிக்கிக் கீரை அரிஞ்சுட்டாங்களாம். அதனாலதான்னு இன்னிக்கி வரைக்கும் நெனைச்சுக்கினு கீறாங்க. சின்ன வயசுல ஆஸ்பத்திரியில தெச்சாச்சு. ஆனாலும் நான் வாய்விட்டுச் சிரிச்சா அவங்க எழுந்து உள்ள போயிடுவாங்க. மீசை எனக்காக இல்ல, அவங்களுக்காக வெச்சது."

யார் சொன்னார்கள் என்று கேட்டபோது அந்த அம்மாள் 'சொன்னாங்க' என்று மட்டும் சொல்லி நிறுத்தியது, பேச்சு மகனின் உதட்டுக்கு வந்துவிடும் என்ற பயத்தில்தான் என எனக்குப் புரிந்தது. அவர் மேல் எனக்கு இரக்கம் வந்தது.

அப்பாவுக்கு வரவில்லை.

"வா தனம், ஜல்தி. பஸ்ஸுக்கு நேரமாவுது" என்றார். வாசல் பக்கம் திரும்பியும்விட்டார். "நாளைக்குப் பொறக்கற புள்ளைக்கும் இது வரும். தெரிஞ்சே கெணத்துல தள்ளச் சொல்றியா?"

நான் நகரவில்லை.

"அப்பா, கிரகணத்தாலதானே வந்துச்சுன்னு சொல்றீங்க?"

"வேற எதால?"

"அப்ப அது அன்னிக்கோட போச்சு. ரத்தத்துல வராது. என் பல்லுதான் ரத்தத்துல வந்துது. புள்ளைக்கு வரும்னா அதுதான் வரும். பயப்பட வேண்டியவரு அவரு. நீங்க ஏன் பயப்படறீங்க?"

அப்பாவின் கை தன்னுடைய மீசைக்குப் போனது. போனதை அவரே கவனித்து, கையைக் கீழே போட்டார். முதலாளி இருமிக்கொண்டே முன்பக்கம் போய்விட்டார்.

அப்பாவை மடக்கிவிட்டேனே தவிர, எனக்குள் இருந்த சந்தேகத்தை இன்னும் கேட்கவில்லை. காபியைவிட, மீசையைவிட மோசமான சந்தேகம் அது. முதலாளியின் பேச்சைக் கேட்ட நிமிஷத்தில் முளைத்தது. கேட்காமல் போனால் ஆயுசுக்கும் அரிக்கும் என்று தெரிந்தது.

"உங்களை ஒண்ணு கேக்கறேன்" என்றேன் அவரிடம். "நெஜத்தைச் சொல்லணும். என் வாயைப் பார்த்துட்டு, இவ நம்மள வேணாம்னு சொல்ல மாட்டான்னுதானே பொண்ணு கேக்க வந்தீங்க?"

அவர் மேசைமேல் இருந்த கத்தியை எடுத்து வேறு இடத்தில் வைத்தார்.

"ஆமாங்க" என்றார். "மொதல்ல அப்படித்தான் நெனைச்சேன்."

பின்னால் இனிப்பாக ஏதாவது சேர்ப்பார் என்று காத்திருந்தேன். அப்புறம் உங்களைப் பிடித்துப்போயிற்று என்பார், குணம்தான் முக்கியம் என்பார். ஒன்றும் சேர்க்கவில்லை. என்னை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு முதலில் ஆத்திரம் வந்தது. அப்புறம் அந்த ஆத்திரம் நிற்க இடமில்லாமல் போனது. ஊரில் எல்லோருடைய முகத்தையும் அழகாக்கிக் கொடுப்பதுதான் அவருக்குத் தொழில். இந்த ஒரு பதிலையும் அவர் அப்படிப் பண்ணியிருக்கலாம். பண்ணவில்லை. எத்தனையோ நாளாக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தவளுக்கு அன்றுதான் மூச்சு வந்தது.

"வேணாம்னு என்னால சொல்ல முடியுங்க" என்றேன். "அதை நல்லாத் தெரிஞ்சுக்கோங்க. சொல்ல முடியும். ஆனா சொல்லல."

திரும்பும் பஸ்ஸில் அப்பா யாருடைய வாயையும் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாக வயல்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். இந்தக் கல்யாணத்துக்கு ஒத்துக்கொள்வாரா, வேறு ஒரு வியாதியைக் கண்டுபிடித்து நாளை காலையில் ஆரம்பிப்பாரா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது. விக்கிரவாண்டியில் பொட்டலம் போட்ட வேர்க்கடலை வாங்கி என் மடியில் வைத்தார். அதை நான் பிரிக்கவில்லை.

திண்டிவனத்தில் இறங்கி, வீட்டுத் தெருவில் திரும்பும்போதுதான் தொண்டையைச் செருமினார்.

"அந்தப் பையன்கிட்ட சொல்லிடு" என்றார். "கல்யாணப் போட்டோவுல யாரு வாயிலயும் கத்தி வெக்கக் கூடாது. என் வாயிலகூட."